24 வருசம் சாளையில நின்ன ஜீப்பு கடம்பூர் மலை ஏறுன வரைக்கும்

எங்க தோட்டத்துச் சாளையில 1999-ல கொண்டுபோய் நிறுத்துன ஜீப்பு 2023 தை நோம்பி முடிஞ்ச மறுவாரந்தான் வெளிய வந்துச்சுங்க. அதும்மேல கெடந்த சோளத்தட்டு, மஞ்சள் வேக வெக்கற பழைய கொப்பரை, சொட்டுநீர் பைப்பு சுருளு எல்லாத்தையும் எடுத்துப் போடவே அரை நாள் ஆச்சு. நாலு டயரும் மண்ணோட மண்ணா ஒட்டிப் போயிருந்துச்சு, டிராக்டர்ல சங்கிலி போட்டு இழுத்தா சக்கரம் உருளாம தேச்சுக்கிட்டே வருது, அப்பா கட்டுத்தாரைகிட்ட நின்னுக்கிட்டு "மெதுவா கண்ணு, மெதுவா, சாக்கிள் கழண்டுக்கும்"னு சத்தம் போட்டுட்டே இருந்தாரு. அவருக்கு 74 வயசு, முட்டி வலி, ஆனா அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அக்கட்ட இக்கட்ட நகரல.

வண்டி மஹிந்திரா சிஜே 3பி, 1967 மாடல், பெட்ரோல், 4 வீல், அதாவது லிவர் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும். அப்பாரு, அப்பாவோட அப்பா, 1974-ல ஒரு எஸ்டேட்காரர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்குனது. இந்த மாடலை பானெட்டை வெச்சே கண்டுபிடிச்சுரலாம், மத்த பழைய ஜீப்பைவிட பானெட்டு உசரமா நிக்கும். அதுக்குக் காரணம் உள்ள இருக்கற என்ஜின்தானுங்க. ரெண்டாம் உலகப்போர்ல ஓடுன வில்லிஸ் ஜீப்புல ரெண்டு வால்வும் பிளாக்குலயே இருக்கும், ஹெட்டு வெறும் மூடி மாதிரி தட்டையா கெடக்கும். அப்பறம் இழுவை பத்தலன்னு பெட்ரோலும் காத்தும் உள்ள வர்ற இன்லெட் வால்வை மட்டும் தூக்கி ஹெட்டுல வெச்சாங்க, பொகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குலயே இருந்துச்சு, அந்த என்ஜினுக்குப் பேரு ஹரிகேன். அளவு அதே 134 கியூபிக் இன்ச், நம்ம கணக்குல 2,199 சிசி, பவரு மட்டும் 60 குதிரையில இருந்து 70-க்கு மேல போயிருச்சு. ஆனா என்ஜின் வளந்துருச்சு, பழைய பானெட்டுக்குள்ள அடங்கல, அதனால 1953-ல பானெட்டை உசத்தி விட்ட ஜீப்புதான் 3பி. அமெரிக்காவுல 1968-லயே நிறுத்திட்டாங்க, 1947-ல இருந்து இங்க வில்லிஸ் ஜீப்பு அசெம்பிள் பண்ணிட்டு இருந்த மஹிந்திராக்காரவீங்க அதுக்கப்பறமும் நெம்ப வருசம் இந்த உசந்த பானெட்டை ஓட்டுனாங்க.

எங்க ஊரு கோபிக்கும் சத்திக்கும் நடுவால, கீழ்பவானி வாய்க்கா ஓரம். வாய்க்காத் தண்ணி பாயற பூமிக்கு ஜீப்பு எதுக்குன்னு கேக்கலாம். அப்பாரு கடம்பூர் மலையில இருந்து புளியும் மரவள்ளிக் கிழங்கும் எடுத்து யாவாரம் பண்ணிட்டு இருந்தாருங்க, மாக்கம்பாளையம் வரைக்கும் போவாரு, அந்த வழியில குரும்பூர் பள்ளம், சக்கரைப் பள்ளம்னு ரெண்டு பள்ளத்தைத் தாண்டணும், அந்தக் காலத்துல பாலம் கெடையாது. அப்பா இருபது சொச்சம் வயசுப் பையனா இருக்கறப்ப இருந்து இந்த ஜீப்புலதான் அந்தப் பள்ளத்துல எறங்கி ஏறுனவரு. அதனாலதான் இந்த வண்டியை நான் தூக்கி நிறுத்தணும்னு நெனச்சது, 4 வீலோட, முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், பெட்ரோல் என்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு டீசல் வெச்சுருங்கன்னு. நம்ம பக்கம் ஓடற பழைய ஜீப்புல முக்காவாசி அப்படி மாத்துனதுதான், தப்புன்னு சொல்லமாட்டேன், தினம் பால் கேனு ஏத்தறவங்களுக்கு டீசல்தான் கட்டும். ஆனா டீசல் என்ஜின் வெயிட்டு ஜாஸ்தி, சேசிஸ்ல மவுண்ட்டை வெட்டி ஒட்டணும், முன் ஸ்பிரிங்கை மாத்தணும், பெட்ரோல் என்ஜினுக்குன்னு செஞ்ச 3 கியர் பாக்ஸ் அந்த உதறலைத் தாங்கணும், ஆர்.சி.-லயும் அனுமதி வாங்கி மாத்தணும். இதெல்லாம் போக, அந்த என்ஜின் சத்தம் போயிருச்சுன்னா அப்பாவுக்கு அது வேற வண்டி. நான் பெட்ரோல்லயே நின்னுட்டேன்.

என்ஜின் ஜாம். முன்னாடி பம்பர் ஓட்டைக்குள்ள ஹேண்டிலை உட்டு ரெண்டு பேரு சேந்து தொங்குனாலும் அசையல. இந்த இடத்துல அவசரப்பட்டு பல்லு சக்கரத்துல கடப்பாரையை வெச்சு நெம்புனா பிஸ்டன் ஒடையும், ரிங் ஒடையும். நாலு பிளக்கையும் கழட்டிட்டு டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் ஊத்தி வெச்சோம், தினம் காலையில பாத்து கொறஞ்சிருக்கறதை ரொப்பிட்டு ஹேண்டிலை ஒரு தடவை அழுத்திப் பாப்பேன். பத்தாம் நாள் டக்குன்னு ஒரு விரக்கடை நகந்துச்சு, அப்பறம் முன்ன பின்ன ஆட்டி ஆட்டி சாயங்காலத்துக்குள்ள முழுச் சுத்து வந்துருச்சு. வேலை எங்களுக்குப் பாத்துக் குடுத்தது சத்தியில ஒரு பெரிய மேஸ்திரி, 50 வருசமா ஜீப்பும் அம்பாசிடரும் பாத்தவரு, கண்ணு கொஞ்சம் மங்கல், ஆனா கை பேசும்.

ஹெட்டைக் கழட்டறப்ப அவர் சொன்ன ஒரு விசயத்தை இந்த என்ஜின் வெச்சிருக்கற ஒவ்வொருத்தரும் மனசுல வெச்சுக்கணும். சுத்தி இருக்கற ஹெட் போல்ட்டு அத்தனையும் கழட்டியாச்சு, ஹெட்டு மட்டும் வரல, நான் ரப்பர் சுத்தியலைத் தூக்கிட்டேன். மேஸ்திரி கையைப் பிடிச்சு "கார்பரேட்டரைக் கழட்டிட்டு உள்ள பாருங்க தம்பி"ன்னாரு. கார்பரேட்டர் உக்காந்திருக்கற ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா கீழ இருட்டுல கரி படிஞ்சு ஒரு போல்ட்டு தலை தெரியுது. இந்த என்ஜின்ல இன்லெட் மேனிஃபோல்டு ஹெட்டோடவே சேத்து வார்த்தது, அதுக்குள்ள ஒரு ஹெட் போல்ட்டு ஒளிஞ்சிருக்கு. இது தெரியாம நெம்பி ஹெட்டை விரிசல் உட்ட வண்டிக எத்தனையோ இருக்குதுன்னாரு. திரும்ப மாட்டறப்பவும் அதே கதைதான், அதை மறந்துட்டு டைட் பண்ணுனா ரெண்டே நாள்ல கேஸ்கட் போயிரும்.

உள்ள பாத்தா 1, 2, 4 சிலிண்டர் சுமாரா இருக்கு, 3 மட்டும் செவசெவன்னு துரு. நிறுத்துன அன்னிக்கு அந்த சிலிண்டர் வால்வு தொறந்த நெலையில நின்னிருக்கு, 24 மழைக்காலத்து ஈரமும் சைலன்சர் வழியா அதுக்குள்ளதான் போயிருக்கு. வண்டியை நாள்பட நிறுத்தறவங்க பிளக்கைக் கழட்டி ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் ஆயில் ஊத்தி ஹேண்டில்ல நாலு சுத்து சுத்திட்டு, சைலன்சர் வாயை துணி வெச்சு அடைச்சுட்டுப் போனா சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கற இந்த ரீபோர் செலவே வந்திருக்காது. ஏற்கனவே 20 சைஸ், அதாவது இன்ச்சுல ஆயிரத்துல 20 பங்கு பெரிய பிஸ்டன்ல ஓடுன பிளாக்கு, அதை 40 சைஸுக்கு ரீபோர் அடிச்சோம். கிராங்கு கிரைண்டிங், பேரிங் ஷெல்லு, எக்ஸாஸ்ட் வால்வுக்குப் புது சீட்டு. பிளாக்கு பக்கவாட்டுல இருக்கற கோர் பிளக்கை எல்லாம் தட்டி எடுத்தா வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ள துரு சேறாவே கெட்டிப்பட்டுக் கெடக்கு, கம்பியை உட்டுக் கிண்டி மோட்டார் தண்ணியைப் பீச்சி அடிச்சதுல ரெண்டு போசி நெறையா வந்துச்சு. வண்டி முன்னாடி மலையில கொதிச்சுக் கொதிச்சு நின்னதுக்கு ரேடியேட்டர்தான் காரணம்னு அப்பா இத்தனை வருசம் நெனச்சுட்டு இருந்தாரு, இதைப் பாத்துட்டு நெம்ப நேரம் பேசாம நின்னாரு.

டேப்பட் செட்டிங், அதாவது வால்வுக்கு விடற இடைவெளி, என்ஜின் ஆறியிருக்கறப்ப இன்லெட் 0.018 இன்ச், எக்ஸாஸ்ட் 0.016. இன்லெட்டு மேல இருக்கு, சுலபம். எக்ஸாஸ்ட்டு பிளாக்கு பக்கத்து மூடியைக் கழட்டி, மேனிஃபோல்டுக்கு அடியில கையை உட்டு, ரெண்டு ஸ்பேனர் ஒரு ஃபீலர் கேஜு மூணையும் ரெண்டு கையில பிடிக்கணும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இன்னொண்ணு, வண்டி முழுக்க இன்ச்சு நட்டு போல்ட்டு, மில்லிமீட்டர் ஸ்பேனரை வெச்சுச் சமாளிக்கலாம்னு பாத்தா நட்டு தலை உருண்டு போயிரும், ஒரு இன்ச்சு செட்டு தனியா வாங்கிட்டேன்.

இந்த ஜீப்புல பெட்ரோல் டேங்கு டிரைவர் சீட்டுக்கு அடியிலயே இருக்கு. அதைக் கழட்டி உள்ள ஜல்லியைப் போட்டு ஆட்டி துரு எடுத்தது ஒரு ஞாயித்துக்கெழமை வேலை. இப்ப பங்குல வர்றது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோலுங்க. பழைய ரப்பர் ஓஸு, பெட்ரோல் பம்பு டயாபிராம் இதெல்லாம் அதுல ஊறி மெத்துனு ஆயிரும், அதோட எத்தனால் ஈரத்தை இழுக்கும், வண்டி வாரக்கணக்குல நின்னா டேங்குக்கு அடியில தண்ணி சேரும். ஓஸு அத்தனையும் எத்தனால் தாங்கறதா மாத்துனேன், டயாபிராம் புதுசு, டேங்குல இருந்து வர்ற லைன்ல ஒரு கண்ணாடி ஃபில்டர். பத்து நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து ஓட்டிருவேன்.

என்ஜின் முதல் தடவை புடிச்சது ஆவணியில. அதைப் பத்தி எழுதுனா எழுதிக்கிட்டே இருப்பேன், போகட்டும். நான் முக்கியமா சொல்ல வந்தது டிரான்ஸ்பர் கேஸ் பத்தி, அங்கதான் எங்களுக்கு ஏழு மாசம் போச்சு.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கியர் பாக்ஸுக்குப் பின்னால ஒட்டுன மாதிரி இருக்கற பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ், இந்த ஜீப்புல இருக்கறது ஸ்பைசர் 18. பெரிய கியர் லிவருக்குப் பக்கத்துல குட்டியா ரெண்டு லிவர் இருக்கும், ஒண்ணு முன் ஆக்ஸிலைச் சேக்கும், இன்னொண்ணு ஹை, லோ. முன் ஆக்ஸில் சேராம லோ விழாது, அப்படித்தான் உள்ள பூட்டு இருக்கு. லோவுல போட்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டா கணக்கு எப்படின்னா, கியர் பாக்ஸ்ல 2.8, டிரான்ஸ்பர்ல 2.46, கிரவுன் பினியன்ல 5.38, மூணையும் பெருக்குனா 37. என்ஜின் 37 சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து. ஆளு பக்கத்துல நடந்து வரலாம், அந்த வேகத்துல பாறை மேல ஏறும்.

அப்பா வண்டியை நிறுத்துனதே இதுலதான். ஓடறப்ப வெறுவெறுன்னு எரைச்சல், குட்டி லிவர் தானா தெறிச்சு வெளிய வந்துரும், கடைசி அஞ்சு வருசம் முன் ஆக்ஸிலுக்குச் சுத்தைக் கொண்டுபோற முன் புரொப்பளர் ஷாஃப்ட்டைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டு வெறும் பின் சக்கரத்துலதான் ஓட்டிருக்காரு. பெட்டியை எறக்கிப் பிரிச்சோம். நடுவால ஒரு இன்டர்மீடியட் கியர், அது ஒரு சின்ன ஷாஃப்ட்டு மேல சுத்தும், ஷாஃப்ட்டு ஒரு சாண்கூட வராது. கியருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல ஊசி ஊசியா நீடில் ரோலருக. பந்து பேரிங்கு மாதிரி இதுக்கு உள் வளையம்னு தனியாக் கெடையாது, ஷாஃப்ட்டேதான் உள் வளையம். எங்களுது நகம் மாட்டற அளவுக்கு வரி வரியா பள்ளம் விழுந்து கெடந்துச்சு, கியர் ஆடி ஆடி பல்லு ஒரு ஓரமாத் தேஞ்சிருந்துச்சு.

புது ஷாஃப்ட்டு, நீடில், திரஸ்ட் வாஷர் எல்லாம் சேந்த கிட்டு ஒரு ஸ்பேர் கடையில கெடச்சுது, ஒரிஜினல்னுதான் குடுத்தாங்க. நீடிலைக் கிரீஸ் வெச்சு ஒட்டி, கியரைப் பெட்டிக்குள்ள எறக்கறப்ப பொலபொலன்னு உதுந்துரும், அதுக்கு மேஸ்திரி ஒரு வழி வெச்சிருந்தாரு. கியர் நீளத்துக்கே ஒரு டம்மி ஷாஃப்ட்டை மரத்துல கடைஞ்சு, அதும்மேல நீடிலை அடுக்கி, கியரோட உள்ள வெச்சுட்டு, அசல் ஷாஃப்ட்டை ஒரு பக்கம் இருந்து தட்டுனா டம்மி அந்தப் பக்கம் வெளிய வந்துரும், ஒரு ஊசிகூட நகராது. பாக்கப் பாக்க அழகா இருந்துச்சு.

வண்டி ஓட ஆரம்பிச்சு 280 கிலோமீட்டர்தான். பவானிசாகர் போயிட்டு வந்து எறங்குனா அடியில இருந்து கருகுன ஆயில் வாசம். டிரான்ஸ்பர் மேல கையை வெச்சேன், வெச்ச வேகத்துல எடுத்துட்டேன், தோல் சிவந்துபோச்சு. மறுபடி எறக்கி மறுபடி பிரிச்சோம். 24 வருசம் முந்தி இருந்த அதே வரிப்பள்ளம், புது ஷாஃப்ட்டுல. ஆயில்ல இரும்புத்தூளு மின்னுது. எனக்கு அன்னிக்கு வயித்தெரிச்சல் தாங்கல, பணம்கூட ரெண்டாவதுங்க, அப்பா கேட்டா என்ன சொல்றதுன்னு.

ஒரு மாசம் கழிச்சு ரெண்டு ஷாஃப்ட்டையும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு கோயமுத்தூரு கணபதியில என் மாப்ளைக்குத் தெரிஞ்ச லேத் பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் ஒரு கேள்வியும் கேக்கல, மேசையில இருந்து ஒரு அரத்தை எடுத்து பழைய ஷாஃப்ட்டு ஓரத்துல தேச்சாரு, அரம் கண்ணாடி மேல போற மாதிரி கிறீச்சுன்னு வழுக்கிட்டுப் போகுது. அப்பறம் புதுசுல தேச்சாரு. அரம் கடிச்சுது, பொடி உதுந்துச்சு. "இதுக்கு ஹார்டனிங்கே பண்ணலீங்க, வெறும் இரும்பு"ன்னாரு. அவ்வளவுதான் விசயம். ஊசி ரோலருக கெட்டியானது, அது உருள்ற தடம் மெத்துன்னு இருந்தா உழுதுபோட்டுரும். அந்த அரச் சோதனை எனக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா கடையிலயே நின்னு தேச்சுப் பாத்து வாங்கியிருப்பேன். ஒரு சின்ன அரம் இப்ப எப்பவும் டூல்ஸ் பையில இருக்கு.

அவரே செஞ்சு குடுத்தாரு. இஎன் 353-ன்னு கியர் செய்யற ஸ்டீலு, மேல்பரப்பு மட்டும் கெட்டிப்படற ரகம், உள்ள சதை கொஞ்சம் நெகிழ்வா இருக்கும், அதனால அடி வாங்குனா ஒடையாது. மொதல்ல லேத்துல அளவுக்கு 0.4 மில்லிமீட்டர் கூட விட்டுக் கடைஞ்சு, ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்கு அனுப்பி கேஸ் ஹார்டனிங், அங்கிருந்து வந்ததும் கிரைண்டிங்ல அந்த மீதியை எடுத்து அளவுக்குக் கொண்டாந்தாங்க. சூட்டுல போட்டா கொஞ்சம் வளையும், அதுக்குத்தான் அந்த 0.4. கையில குடுத்தப்ப மொகம் தெரிஞ்சுதுங்க அதுல. ஹார்ட்னெஸ், அதாவது கெட்டித்தன்மை, 60 ஹெச்ஆர்சி காட்டி சீட்டும் குடுத்தாரு. 12 நாள் ஆச்சு. 1937-லயே கரண்டு மோட்டார் செஞ்ச ஊருங்க கோயமுத்தூரு, ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேந்து செஞ்சாங்க, அந்தக் கைப்பழக்கம் இன்னும் சந்துக்குச் சந்து பட்டறையில உசுரோட இருக்கு, மூணு தெருவுக்குள்ள கடைசல், சூட்டுப் பட்டறை, கிரைண்டிங் மூணும் முடிஞ்சுருது, ஒத்தை ஷாஃப்ட்டுதானேன்னு யாரும் மொகம் சுளிக்கல.

ஆயிலையும் மாத்துனோம். மொதல்ல ஊத்துனது ஜிஎல்-5 ரகம், அதுல இருக்கற கெமிக்கல் பித்தளையை அரிக்கும், இந்தக் கியர் பாக்ஸ்ல கியர் உரசாம விழ வெக்கற சிங்க்ரோ ரிங்கு பித்தளை. இப்ப ஜிஎல்-4, 90 நம்பர். கியர் பாக்ஸுல இருந்து டிரான்ஸ்பருக்கு ஆயில் தானா நகரும் இந்த வண்டியில, அதனால ஒண்ணுல லெவல் பாத்தா இன்னொண்ணுலயும் பாத்தே ஆகணும். ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ கெடையாது, வண்டி நின்ன பொறவு போடணும், இல்லாட்டி கிளட்சை ரெண்டு தடவை மிதிச்சு டபுள் கிளட்ச் போடணும்.

முன் ஆக்ஸில் அதுக்கடுத்த பாடு. முன் சக்கரம் திரும்பற மூட்டு, உருண்டையா கிண்ணம் மாதிரி இருக்கற நக்கிளைப் பிரிச்சா கிரீஸுக்குப் பதிலா மண்ணும் தண்ணியும் கலந்த சேறு, பள்ளத்துத் தண்ணிதான், சீல் போயி உள்ள எறங்கியிருக்கு. கிங் பின் பேரிங்குல உருளைக உக்காந்த தடம் அப்படியே பதிஞ்சு கெடக்கு, அதனாலதான் 50-ல போனா ஸ்டீரிங் கையில நடுங்கும்னு அப்பா சொல்வாரு. பேரிங் மாத்தி, மேலயும் கீழயும் சிம்முன்னு மெல்லிசுத் தகடு வெச்சு டைட்டு பாக்கணும். ரொம்ப லூசா இருந்தா ஆட்டம், டைட்டா இருந்தா ஸ்டீரிங் திரும்பி வராது. மேஸ்திரி நாங்க காய் எடை போடற கொக்கித் தராசைக் கேட்டாரு, ஆயில் சீல் போடறதுக்கு முன்னாடி ஸ்டீரிங் ஆர்ம் ஓட்டையில கொக்கியை மாட்டி இழுத்தாரு, நக்கிள் திரும்பறப்ப முள்ளு ஆறு கிலோகிட்ட நிக்கணும்னாரு. மொதல்ல மூணுதான் காட்டுச்சு, காயிதத் தடிமனுக்கு ஒரு சிம்மை எடுத்தோம், நாலரை, இன்னொண்ணு, ஆறு. மூணு தடவை கழட்டி மாட்டுனதுல மத்தியானச் சோறு நாலு மணிக்குத்தான். பெல் கிராங்கு புஷ்ஷும் மாத்துனோம், இப்ப 60-ல போனாலும் ஸ்டீரிங்கை ரெண்டு விரல்ல பிடிக்கலாம்.

பிரேக்கு ஒத்தை லைன் வண்டிங்க, ஒரு பைப்பு வெடிச்சா நாலும் போச்சு. அதனால பாத்துக்கலாம்னு எதையும் விடாம பைப்பு, ஓஸு, வீல் சிலிண்டர், மாஸ்டர் எல்லாம் புதுசு. ஹேண்ட் பிரேக்கு சக்கரத்துல கெடையாது, டிரான்ஸ்பருக்குப் பின்னால புரொப்பளரைப் பிடிக்கற தனி டிரம்மு, அதுல ஆயில் கசிஞ்சா பிடிக்காது, அந்த சீலை ரெண்டு தடவை போட்டோம்.

டயர் 6.00-16. மாட்டறப்ப ஒரு பஞ்சர் கடையில எடது பக்கம் ரெண்டு ஸ்டட்டை முறிச்சுட்டாங்க. தப்பு எங்க மேலயும் உண்டு, முன்கூட்டியே சொல்லிருக்கணும். இந்த ஜீப்புல எடது பக்கச் சக்கரத்து நட்டுக்கு எடது மரை, வழக்கமா டைட் பண்ற பக்கம் சுத்துனாத்தான் கழளும். இப்ப எடது பக்கம் டிரம்முல மஞ்சப் பெயின்ட்டுல அம்புக்குறி போட்டு வெச்சிருக்கேன்.

பாடி வேலைக்கு நாமக்கல்லுல லாரி பாடி கட்டற பட்டறையில இருந்த ஒரு டிங்கர் அண்ணன் வந்து எங்க சாளையிலயே பத்து நாள் தங்கிச் செஞ்சாரு. ஃப்ளோர் முழுக்க போயிருந்துச்சு, 18 கேஜ் தகடு. பட்டி நெறையப் போடாம தகட்டையே தட்டி நேர் பண்ணிக் குடுத்தாரு. டேஷ்போர்டுல கியர் படம் போட்ட சின்னப் பித்தளைத் தகடு ரெண்டு இருக்கு, அதை மட்டும் பாலிஷ் போடாம அப்பா கைபட்டுத் தேஞ்ச மாதிரியே விட்டுட்டோம். பின் சீட்டுல பவானி ஜமுக்காளம். வயரிங்கு புதுசு, டைனமோ பழசேதான்.

பேப்பர் வேலை. 50 வருசத்துக்கு மேல ஆன வண்டிக்கு 2021-ல இருந்து விண்டேஜ் பதிவு இருக்கு, நம்பர்ல விஏ-ன்னு வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூவா, பத்து வருசம் செல்லும். ஆனா அந்தப் பதிவுல தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் எடுக்கலாம். எனக்கு வாழைக்கன்னு ஏத்தோணும், மலைக்குப் போகோணும், அதனால சாதாரண ஆர்.சி. ரினீவலுக்கே போனேன். அப்பாரு பேருலயே இருந்துச்சு வண்டி, மொதல்ல வாரிசு பேருக்கு மாத்த படிவம் 31, அப்பறம் ரினீவலுக்குப் படிவம் 25, இன்சூரன்ஸ், பொகைச் சீட்டு, சேசிஸ் நம்பரைப் பென்சில்ல தேச்ச காயிதம், லேட் ஃபீஸ் மாசக்கணக்குல. சேசிஸ் நம்பர் துருவுக்குள்ள மறைஞ்சு கெடந்ததை உப்புத்தாள்ல மெதுவா மெதுவா தேச்சு எடுத்தோம், அழுத்தித் தேச்சா எழுத்தே போயிரும். வண்டி பாக்க வந்த ஆபீசர் பானெட்டைத் தொறக்கச் சொல்லி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நின்னு கேட்டாரு. ரினீவல் அஞ்சு வருசத்துக்குக் கெடச்சுருச்சு.

2025 தை கடைசியில கே.என். பாளையம் வழியா கடம்பூர் போனோம். நான், அப்பா, என்ற பாப்பா, மேஸ்திரி. புலிகள் காப்பகத்து ரோடு, யானை நடமாட்டம் உண்டு, அதனால காலையில வெளிச்சம் வந்து கெளம்பி சாயங்காலத்துக்குள்ள எறங்கறதுன்னு கணக்கு. கொண்டை ஊசி வளைவு எல்லாம் செகண்டுலயே ஏறுச்சு, டெம்பரேச்சர் முள்ளு நடுவாலயே நிக்குது, அப்பா ரோட்டைப் பாக்காம அந்த முள்ளையேதான் பாத்துக்கிட்டு வந்தாரு. தார் ரோட்டுல நான் 4 வீலைத் தொடல. இந்த டிரான்ஸ்பருக்குள்ள டிஃபரன்ஷியல் கெடையாது, வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் போற தூரம் வேற, காஞ்ச தாருல சறுக்கி அதைச் சரிக்கட்ட முடியாம ஷாஃப்ட்டெல்லாம் முறுக்கேறும், லிவரும் மாட்டிக்கும். அப்படி மாட்டிக்கிட்டா ரிவர்ஸ்ல நாலடி வந்தா விட்டுரும்.

கடம்பூர் தாண்டி எங்க ஒறம்பரை ஒருத்தரு ராகிக் காட்டுக்குப் போக ஒரு பள்ளம் இருக்கு. தண்ணி முழங்காலுக்குக் கீழதான், ஆனா அந்தக் கரை செங்குத்து, உருட்டுக்கல்லு. நான் நிறுத்திட்டு எறங்கிப் பாத்துட்டு இருக்கறேன், திரும்புனா அப்பா டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்துட்டாரு. முட்டி வலியோட எப்படி ஏறுனாருன்னு தெரியல. பாப்பா "அப்பாரு ஓட்டப்போறாரு"ன்னு கத்துது. அவரு கீழ குனியவே இல்லீங்க, கண்ணு அக்கரையில, எடது கை மட்டும் போயி ரெண்டு குட்டி லிவரையும் ஒண்ணு பின்னால ஒண்ணு போட்டுச்சு, டக், டக். 30 வருசம் முந்தி அந்தக் கையில இருந்தது அப்படியே இருக்கு. ஆக்சிலேட்டரைத் தொட்ட மாதிரியே தெரியல, வண்டி தண்ணிக்குள்ள எறங்கி, ஒவ்வொரு கல்லாத் தேடித் தேடி மிதிச்சு, முன் சக்கரம் கரையைப் பிடிச்சு இழுத்து மேல ஏறி நின்னுச்சு. மேஸ்திரி என்ற பக்கத்துல தண்ணிக்குள்ள செருப்போட நின்னுக்கிட்டு இருந்தாரு, ஒண்ணும் பேசல.

ஒறம்பரை ஊட்டுல ராகிக்களியும் கீரைக்கொழம்பும். திரும்பறப்ப நான்தான் ஓட்டுனேன், மூணு மணிக்கே எறங்கிட்டோம். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்தான் குடுத்துச்சு. டிரான்ஸ்பர் பின் சீல்ல இன்னும் ஒரு சொட்டு இருக்கு, அதை மாசிக்குள்ள பாக்கணும். ஊட்டு வாசல்ல நிறுத்துன உடனே நான் சாவியைக்கூட எடுக்கல, அடியில படுத்து டிரான்ஸ்பர் பெட்டி மேல உள்ளங்கையை வெச்சேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. பத்து வரைக்கும் எண்ணுனேன், இருவது எண்ணுனேன், கையை எடுக்கத் தோணல. மேல இருந்து அப்பா "எப்படி கண்ணு இருக்குது?"ன்னாரு. "கை பொறுக்குதுங்ப்பா"ன்னேன்.